பட்டியல் எழுதும் இரவு: தோட்ட நிலம் தாமான் ஆவது எப்படி?

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஐந்நூறு பேருக்குச் சமைக்க வருகிற சமையல்காரர், வந்ததும் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்பார். பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார், புகை பந்திக்குள் போய்விடக் கூடாதே. அடுப்புக்கு ஒரு மூலை, காய் நறுக்க நிழலான இடம், அண்டா கழுவப் பள்ளமான இடம், கழுவிய நீர் ஓட ஒரு வாய்க்கால். பிள்ளைகள் ஓடும் வழி எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வராதபடி நடுவில் ஒரு பெஞ்சு. இத்தனையும் முடிவான பிறகு கோயில் கமிட்டியோடு உட்கார்ந்து பட்டியல் எழுதுவார்: எத்தனை கூட்டு, எத்தனை பொரியல், பாயசம் உண்டா இல்லையா. அது முதல்நாள் இரவில் நடக்கும். மறுநாள் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு பாயசம் எங்கே என்று கேட்பவருக்குப் பரிமாறுகிறவர் என்ன செய்ய முடியும்? அவர் கையில் இருப்பது சாம்பார் வாளி.

நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் இதே வேலைதான். கோயில் வளாகத்துக்குப் பதில் ஒரு மாவட்டம், ஒரு நாளுக்குப் பதில் பத்துப் பதினைந்து ஆண்டு. எங்கே வீடு, எங்கே ஆலை, எங்கே பள்ளி, எது விவசாயமாகவே இருக்கும், மழைநீர் எந்த வழி வடியும் என்பதெல்லாம் ஓர் அடுப்பும் மூட்டாத காலத்திலேயே எழுதப்படுகின்றன. மலாக்காவில் நம் மக்கள் பெரும்பாலும் பந்தி நேரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறோம். மண்வாரி இயந்திரம் கோயில் வாசலுக்கு வந்தபின் பதாகை பிடிக்கிறோம். பட்டியல் எழுதிய இரவு எது, அதை எங்கே எழுதினார்கள், நமக்கு அங்கே இடம் இருந்ததா என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

தோட்டம் என்பதே திட்டமிட்டுக் கட்டிய ஊர்தான். மலாயாவில் ரப்பரை முதன்முதலாகத் தோட்டப் பயிராக நட்டது மலாக்காவில்: 1896இல் புக்கிட் லிந்தாங்கில், தான் சாய் யான் என்ற வணிகர் நட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் ஆசகானில் ஏறத்தாழ 3000 ஏக்கருக்கு அது பெருகியது. பின்னால் வந்த தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. குன்றின் மேல் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள், அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயம். பால் கொட்டும் இடமும் புகைக்கூடமும் ஒரு பக்கம், ஆயாக்கொட்டகையும் பள்ளியும் கோயிலும் ஒரு பக்கம், எல்லையில் இடுகாடு. தண்ணீர், வடிகால், நடைதூரம் எல்லாம் கணக்கிட்டே அமைத்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய கை மட்டும் துரையுடையது. லயத்தில் இருந்தவருக்கு வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். பள்ளியும் கோயிலும் இடுகாடும் தோட்டத்தின் கிராண்டுக்குள்ளேயே, அதாவது தோட்டத்தின் நில உரிமைப் பத்திரத்துக்குள்ளேயே, இருந்தன. அவற்றுக்கென்று தனிக் கிராண்டு எடுக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனை போய்த் தாமான் எனப்படும் வீடமைப்பு வரும்போதும் நம்மைத் துரத்திக்கொண்டு வருவது இந்த ஒன்றுதான்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். ஒரு துண்டு நிலத்தைப் பற்றி இரண்டு அலுவலகங்கள் இரண்டு வேறு விஷயங்களை எழுதி வைத்திருக்கின்றன. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய்.

முதலாவது நில அலுவலகம். அங்கே இருப்பது கிராண்டு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலத்துக்கு மூன்று வகைப்பாடு உண்டு: விவசாயம், கட்டடம், தொழில். கிராண்டில் வகைப்பாடும் அதற்குரிய நிபந்தனையும் எழுதியிருக்கும். சரக்கறையில் உள்ள மூட்டையின் மேல் எழுதிய பெயர் போன்றது அது. மூட்டையில் பச்சரிசி என்று எழுதியிருந்தால் உள்ளே பச்சரிசி. பெயரை மாற்ற வேண்டுமானால் மாநில அரசிடம் விண்ணப்பித்து, பிரிமியம் என்ற கட்டணத்தைக் கட்டி, மாற்ற வேண்டும். மலாக்காவில் கூடுதலாக ஒரு கவனம் தேவை. எம்.சி.எல். எனப்படும் மலாக்கா வழமை நிலத்துக்கு விதிகள் தனி. கிராண்டில் அந்தக் குறிப்பு இருந்தால் யாருக்குக் கைமாற்றலாம் என்பதே வேறு கணக்கு.

இரண்டாவது, ஊராட்சி மன்றத்தில் இருக்கும் வரைபடம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் எண் சட்டம், சொல்லும் திட்டம் இது. ஒவ்வொரு மனைக்கும் ஒரு நிறம்: தொழிலுக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை, இப்படி. மூட்டையில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்பதை இந்த வரைபடம் பார்ப்பதில்லை. நாளைக்கு என்ன சமைக்கப் போகிறோம் என்பதே இதன் பேச்சு. ஆகவே ஒரே நிலம் கிராண்டில் விவசாயமாகவும் வரைபடத்தில் குடியிருப்பாகவும் இருக்கலாம். செம்பனை காய்த்துக்கொண்டிருக்கும், கிராண்டும் விவசாயம் என்றே சொல்லும், தோட்டத்து ஆட்களும் ஒன்றும் ஆகாது என்று இருப்பார்கள். ஆனால் வரைபடத்தில் நிறம் மாறிய நாளிலேயே பட்டியல் முடிந்துவிட்டது. விலை, காலம், வாங்கும் கம்பெனி இவை மட்டுமே பாக்கி.

வரைபடம் ஒரே நாளில் வருவதில்லை. மேலே நாடு முழுவதற்குமான தேசிய நில அமைப்புத் திட்டம் இருக்கிறது. இப்போது நடப்பது நான்காவது. அதன் கீழே மாநில அமைப்புத் திட்டம், மலாய் மொழியில் ரன்சாங்ஙான் ஸ்ட்ருக்துர். மலாக்காவுக்கு 2035ஐ இலக்காக வைத்த திட்டம் இது. அது பெரும்பாலும் கொள்கை பேசும்: இந்தப் பக்கம் நகரம் வளரட்டும், அந்தப் பக்கம் நீர்ப்பிடிப்பு காக்கப்படட்டும். நீரைச் சும்மா சொல்லவில்லை. 1991இல் டுரியான் துங்கால் அணை வறண்டு மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது. தண்ணீர்க் குழாயைப் பார்க்காமல் அடுப்பு போட்டால் என்ன ஆகும் என்பதை மலாக்காக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கும் கீழே வருவது உள்ளூர்த் திட்டம், ரன்சாங்ஙான் தெம்பாத்தான். மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின் என்ற மூன்று மாவட்டங்களையும் மனை மனையாக நிறம் தீட்டிக் காட்டுவது இதுதான். உங்கள் லயம், உங்கள் கோயில், உங்கள் பள்ளி வரைபடத்தில் தெரியும் முதல் இடம் இது. மேலே உள்ளதைப் படித்துக் களைத்துப்போக வேண்டாம். இதைப் பாருங்கள்.

அந்த முதல்நாள் இரவு எது என்றால், உள்ளூர்த் திட்டத்தின் நகல், அதாவது இன்னும் முடிவாகாத வரைவு, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம். ஊராட்சி மன்றம் குறைந்தது இரண்டு நாளேடுகளில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று தேசிய மொழியில் இருக்க வேண்டும். தமிழ் நாளேட்டில் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆட்சேபமோ கருத்தோ எழுதித் தர நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் தருவார்கள். வந்த ஆட்சேபங்களை விசாரிக்க ஒரு குழு உட்காரும். பிறகு மாநிலத் திட்டக் குழு ஒப்புதல் தரும், அரசிதழில் அறிவிப்பு வரும், அத்தோடு வரைபடம் சட்டமாகிவிடும். அதன் பிறகு அதற்கு மாறான கட்டுமானத்துக்கு ஊராட்சி மன்றம் அனுமதி தரக் கூடாது. அதற்கு ஒத்த கட்டுமானத்தைத் தடுக்க நினைப்பவருக்கும் வழி மிகக் குறுகிவிடும்.

எவ்வளவு குறுகும் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு நிறுவனம் வீடமைப்புக்கு விண்ணப்பித்தால் அக்கம்பக்கத்தவருக்குக் கடிதம் வரும், 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டத்தின் 21ஆம் பிரிவில் அது உண்டு. அதே பிரிவில் இரண்டு முடிச்சுகளும் உண்டு. அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோதுதான் அந்தக் கடிதம் கட்டாயம். உள்ளூர்த் திட்டம் வந்துவிட்டால், கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டாயிற்று என்பது சட்டத்தின் கணக்கு. கடிதம் போவதும் பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு. லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர் உரிமையாளர் அல்லர். சட்டத்தின் கண்ணில் அவர் அக்கம்பக்கத்தவரே இல்லை. இந்தப் பிரிவின்படி ஆட்சேபித்தவருக்குத்தான் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும் உரிமையும் வரும்.

உள்ளூர்த் திட்ட நகலின்மேல் கருத்துச் சொல்வதற்கோ கிராண்டு வேண்டியதில்லை. லயத்துக்காரர் எழுதலாம், கோயில் கமிட்டி எழுதலாம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுதலாம். நிலமில்லாதவருக்கு இந்த நாட்டின் திட்டமிடல் சட்டம் திறந்துவைத்திருக்கும் அகலமான கதவு இது ஒன்றுதான் என்பது என் கருத்து. அதன் அருமை இன்னொரு காரணத்தாலும் கூடுகிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றை முற்றிலும் எடுத்துவிட்டது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குச் சீட்டில் சொல்ல முடியாததை இந்த நான்கு வாரத்தில் காகிதத்தில் சொல்லியாக வேண்டும்.

1967இல் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். அந்த மக்களின் பிள்ளைகளுக்குத் துணிச்சல் குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. ஜாசின் ஊராட்சி மன்றத்தின் மண்டபத்தில் ஒரு வரைபடம் மாட்டப்பட்டிருக்கும் நான்கு வாரத்தை அவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. குறை அங்கேதான்.

பட்டியல் முடிந்தபின் சமையல் நடக்கும் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 40 ஹெக்டருக்குக் குறையாத, ஒட்டியமைந்த விவசாய நிலத்தைத் தேசிய நிலச் சட்டம் தோட்ட நிலம் என்கிறது. அது கைமாறத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். 1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த கொடுமையை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் பின்னணி புரியும். அந்தத் துண்டாடலைத்தான் பொருளியலறிஞர் உங்கு அஜிஸ் ஆய்ந்து மூன்று தொகுதிகளாக எழுதினார். அந்தத் துண்டாடலுக்கு மறுமொழியாகத்தான் 1960இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே தோட்ட உரிமையாளர்கள் ஆக்கினார். நிலம் கைமாறியபின் வகைப்பாட்டு மாற்றம், மனைப் பிரிப்பு, திட்ட அனுமதி, கட்டட வரைபடம் எல்லாவற்றுக்குமான விண்ணப்பங்களும் ஊராட்சி மன்றத்தின் ஒரே முகப்பில் கொடுக்கப்படும். 2007 முதல் அந்த முறை. திட்ட அனுமதி என்பது அடுப்பு மூட்ட உத்தரவு. அது இல்லாமல் மூட்டினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். வீடு கட்டி முடிந்தபின் குடிபுகலாம் என்ற சான்றிதழை இப்போது மன்றம் தருவதில்லை. பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திடுகிறார்.

இதில் மாநில அரசு நடுநிலையான சமையல்காரரா என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் மாநிலத்தின் அதிகாரம்; நிலவரியும் வகைப்பாடு மாற்றும் பிரிமியமும் மாநிலத்தின் முக்கிய வருமானங்கள். பச்சை நிறம் மாறினால் கஜானாவுக்குக் காசு வரும். இதில் சட்ட மீறல் ஏதும் இல்லை. ஆனால் சமையல்காரரின் சம்பளம் பலகாரத்தின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், கமிட்டி பட்டியலை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

இனிக் கோயிலும் பள்ளியும். நம் மனம் மிக அதிகம் நோவது இங்கேதான், கொஞ்சம் நின்று பேசலாம். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள். ஜாசின் லாலாங், டைமண்ட் ஜூபிளி, புக்கிட் லிந்தாங் என்று தோட்டங்களின் பெயரை இன்னும் சுமப்பவை அவற்றில் உண்டு. பள்ளி அரசு நிலத்தில் இருந்தால் முழு உதவி, தோட்ட நிலத்தில் இருந்தால் பகுதி உதவி என்பது நெடுங்காலமாக இருந்துவரும் பிரிவு. கட்டடம் எழுப்ப எவ்வளவு பணம் வரும் என்பதையே நிலம் தீர்மானித்துவிடுகிறது. கோயிலுக்கு அந்தப் பகுதி உதவிகூட இல்லை. நூறாண்டு பழைய முனியாண்டி கோயிலாக இருக்கட்டும், கிராண்டில் கோயில் என்று ஒரு சொல் இல்லாவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது இன்னொருவர் நிலத்தில் நிற்கும் கட்டடம்.

நிலத்தைப் பொதுப் பயனுக்கென்று அரசிதழில் ஒதுக்கத் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவு வழி காட்டுகிறது. வீடமைப்பின் மனைப் பிரிப்பு வரைபடம் தயாராகும்போது அதைச் செய்வதுதான் எல்லாவற்றையும்விட மலிவு, எல்லாருக்கும் எளிது. ஏன் என்றால், அந்த வரைபடத்தில் நிறுவனம் எப்படியும் சாலைக்கு, வடிகாலுக்கு, மின் துணைநிலையத்துக்கு நிலம் விட்டாக வேண்டும். திறந்தவெளிக்கு நூற்றுக்குப் பத்து விட வேண்டும் என்பது நடைமுறை. எங்கெங்கே விடுவது என்று கோடு போடும் அந்த நேரத்தில், கோயில் நிற்கும் இடத்தையே வழிபாட்டு மனையாகக் காட்டி அரசிடம் ஒப்படைக்கச் சொன்னால் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பு இல்லை. பக்கத்துத் திறந்தவெளியைக் கோயிலை ஒட்டி அமைத்தால் திருவிழாக் கூட்டத்துக்கும் இடம் கிடைக்கும். சாலையும் வீட்டு வரிசையும் எழுந்தபின் கேட்டால், பொங்கிய சோற்றில் பாதியை எடுத்துப் பொங்கலாக்கு என்று சொல்வது போல. இடித்துக் கட்ட வேண்டும், வழக்கு வரும், பகை வரும்.

இடுகாட்டை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கோயிலுக்குக் கமிட்டி உண்டு, பள்ளிக்கு வாரியம் உண்டு, இடுகாட்டுக்கு யாருமில்லை. நகல் வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது அதைத்தான் என்பேன்.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வருவோம். மலாக்கா நகரில் காஜா பெராங்கில் இருக்கிறது கம்போங் செட்டி. டச்சுக்காரர் காலத்துக்கும் முன்பிருந்து வேரூன்றிய மலாக்கா செட்டிகள் என்னும் பழைய இந்தியச் சமூகத்தின் ஊர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இவர்களுடையது. கிராமத்துக்கு மரபுத் தகுதி உண்டு. நகரமோ 2008இல் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அப்படியும் 2013, 2014 வாக்கில் கிராமத்தை ஒட்டிய நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஓட்டலும் எழுப்பும் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. மரபு என்ற அறிவிப்பு வேலி வரைக்கும் காக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் எத்தனை மாடி, வண்டிகள் எந்தச் சந்து வழியாகப் போகும், நிழல் யார் முற்றத்தில் விழும் என்பதை அந்தப் பக்கத்து நிலத்தின் நிறமும் அடர்த்தி எண்ணும்தான் சொல்கின்றன. பந்தியை எவ்வளவு அழகாகப் போட்டாலும், பக்கத்து மனையில் எவர் அடுப்பு மூட்டுகிறார் என்று பார்க்காவிட்டால் புகை வந்தே தீரும். ஆகவே வரைபடத்தைப் பார்க்கும்போது உங்கள் மனையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள மனைகளின் நிறத்தையும், அனுமதிக்கப்பட்ட அடர்த்தியையும், வரப்போகும் சாலைக் கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மனை எண், முக்கிம் எனப்படும் வட்டாரத்தின் பெயர், கோயில் அல்லது பள்ளி எப்போதிருந்து இருக்கிறது என்று காட்டும் பழைய படம், ரசீது, சங்கப் பதிவு எதுவானாலும். நகர, கிராமத் திட்டமிடல் துறையான பிளான் மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளத்தில் இப்போதைய பயன்பாட்டையும் மண்டல நிறத்தையும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பள்ளி முடித்த பிள்ளை பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார். உங்கள் ஊர் மலாக்கா மாநகர் மன்றத்துக்குள் வருகிறதா, ஹாங் துவா ஜெயாவா, அலோர் காஜாவா, ஜாசினா என்று தெரிந்துகொண்டு, அந்த மன்றத்தின் திட்டப் பிரிவில் உள்ளூர்த் திட்டம் அடுத்து எப்போது மறுஆய்வுக்கு வருகிறது என்று கேளுங்கள். நடப்பில் உள்ள திட்டத்தைத் திருத்தினாலும் மறுபடி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆகவே ஒருமுறை தவறவிட்டவருக்கும் இன்னொரு முறை உண்டு.

ஆட்சேபக் கடிதத்தில் வேதனையை எழுதுவதில் தப்பில்லை, ஆனால் குழுவின் கையில் அது ஒன்றும் செய்யாது. இந்த எண் மனை நகலில் இந்த நிறம். அதில் இன்ன ஆண்டு முதல் கோயிலும் இடுகாடும் உள்ளன. இத்தனை சதுர மீட்டர் பகுதியைச் சமய, சமூக வசதி என்று மாற்றிக் காட்டுங்கள். வழி இந்தப் பக்கம் வேண்டும். இப்படி வேண்டுவதை வரைபடத்தின் பாஷையிலேயே மலாய் மொழியில் எழுதி, கையால் வரைந்த ஒரு படத்தை இணைத்து, விசாரணையில் நேரில் பேச விரும்புகிறோம் என்று கடைசி வரியில் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். கோயில் கமிட்டி ஒரு கடிதம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கடிதம், லயத்துக் குடும்பங்கள் தனித்தனியே ஒவ்வொரு கடிதம். ஒரே கடிதத்தில் முந்நூறு கையெழுத்து வாங்குவதைவிட, வெவ்வேறு விவரம் சொல்லும் முப்பது கடிதம் விசாரணைக் குழுவின் மேசையில் அதிக நேரம் இருக்கும்.